கயிறு கட்டிய ஐஸ்பெட்டி

உமாராணிக்கு யாராவது சிரித்த முகத்தோடு எதையாவது கொடுத்தால் வயிற்றைக் கலக்கும். பாசாரில் மீன்காரர் கூடுதலாக ஒரு மீனைப் பையில் போட்டுவிட்டால், வீடு வந்து சேரும்வரை அந்த மீனின் செவுளைப் பற்றியே நினைத்துக்கொண்டு வருவாள். கோயில் வாசலில் மழை பிடித்து, முன்பின் தெரியாத ஒரு பெண் தன் குடைக்குள் அழைத்தால், கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நனைந்தபடியே நடப்பாள்.

"இது இவளுக்குப் பிறந்தப்பவே கூட வந்த குணம்லா" என்று அவள் கணவன் புவனேசன் சிரிப்பான். அவன் பாக்கார் ஆராங் தொழிற்சாலை ஒன்றில் பாரந்தூக்கி வண்டி ஓட்டுகிறவன். எந்தச் சுமையையும் சிரித்துக்கொண்டே தூக்கி, சிரித்துக்கொண்டே இறக்கிவிடுகிற மனிதன். ஆனால் இந்த ஒன்றில் அவன் கணக்குத் தப்பு. அது பிறந்தபோது வந்த குணமில்லை. பட்டபிறகு வந்தது.

கரங்கான் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் அவள் அப்பா இருளப்பன் பால்மரம் வெட்டி ரப்பர்ப்பால் எடுத்தார். கம்பெனி கொடுத்த லயத்து வீட்டுச் சமையல்கட்டில் அவரே பலகை அறுத்து, இழைத்து, வலையடித்து ஓர் அலமாரி செய்து சுவரில் அடித்திருந்தார். அம்மாவுக்கு அந்த அலமாரிதான் அரண்மனை. பூனை தொடாத மீன்குழம்பும் எறும்பேறாத சீனியும் அதற்குள்தான் இருக்கும். தோட்டம் கைமாறியது. பால்மரங்களைச் சாய்த்துச் செம்பனை நடப் போகிறார்கள் என்று சேதி வந்தது. வீட்டைக் காலி செய்த காலையில் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வந்தார். பல்பைப் பார்த்தார், குழாயைத் திருகினார், ஜன்னலை ஆட்டினார். கடைசியில் அலமாரி முன்னால் நின்றார்.

"இது இங்கயே இருக்கட்டும்."

"ஐயா, இது நான் செஞ்சதுங்க."

"சுவத்துல ஆணி அடிச்ச சாமான் எல்லாம் கம்பெனி சாமான்தான்யா. ஒனக்குத் தெரியாதா?"

அம்மா அலமாரியிலிருந்து சட்டி பானைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சாக்கில் போட்டாள். பாவாடை கட்டிய சின்னப் பெண்ணாகக் கதவோரம் நின்ற உமாராணி, அம்மாவின் முதுகு குலுங்குவதைப் பார்த்தாள். அடுத்தவன் சுவருக்குள் இருக்கும் எதுவும் நம்முடையதில்லை என்பது அன்றைக்கே அவள் நெஞ்சில் ஆணியடித்தாற்போல் இறங்கிவிட்டது.

இரண்டாவது ஆணி கூலிமில் அடிக்கப்பட்டது. அங்கே வாடகைக்கு இருந்த வீட்டில் உரிமையாளர் ஒரு பழைய ஐஸ்பெட்டியை விட்டுவைத்திருந்தார். "யூஸ் பண்ணிக்குங்க தங்கச்சி" என்று சிரித்தார். பெட்டி தானாக வயதாகிச் செத்தபோது அந்தச் சிரிப்பும் கூடச் செத்தது. நீங்கள்தான் கெடுத்தீர்கள் என்றார். பேச்சு முற்றியது. பள்ளி வருடத்தின் நடுவில் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார். புவனேசனின் அண்ணன் வீட்டில், ஒரே அறையில், கட்டிலுக்கும் துணி மூட்டைக்கும் நடுவே உட்கார்ந்து மகள் காஞ்சனா படித்தாள். அந்த வருடம் அவள் மதிப்பெண்கள் சரிந்தன. பிள்ளை வாய் திறந்து குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தாய்க்கு இவ்வளவு வலித்திருக்காது.

இப்போது காஞ்சனா ஐந்தாம் படிவம். வருடக் கடைசியில் அரசாங்கப் பரீட்சை. "இந்தப் பரிச்ச முடியிற வரைக்கும் ஒன்ன எங்கயும் தூக்கிட்டு ஓட மாட்டேன்டி" என்று உமாராணி மகளின் தலையில் கைவைத்துச் சொல்லியிருந்தாள். அந்த வாக்கோடுதான் அவர்கள் பாக்கார் ஆராங்கில் அந்த வரிசை வீட்டைப் பார்க்கப் போனார்கள்.

பள்ளிக்கூடம் நடை தூரம். வாடகையும் நியாயம். கூடத்தில் வெளிச்சம். எல்லாம் சரி. ஆனால் சமையலறைக்குள் காலெடுத்து வைத்ததும் உமாராணி அப்படியே நின்றுவிட்டாள்.

காலி வீடு என்று நினைத்து வந்தவளுக்கு எதிரே ஒரு முழுச் சமையலறை கண் விழித்துப் பார்த்தது. மேடைமேல் பளபளவென்று இரட்டை அடுப்பு. மூலையில் பச்சை நிற ஐஸ்பெட்டி. மாவரைக்கும் இயந்திரம், அரைவை இயந்திரம், சோறாக்கும் குக்கர், இடியப்ப உரல்கூட ஆணியில் தொங்கியது.

"இதெல்லாம் எப்ப எடுத்துட்டுப் போவீங்க?" என்று கேட்டாள்.

வீட்டுக்காரி ஞானாம்பிகை நிமிர்ந்து பார்த்தார். அரசாங்க மருத்துவமனையில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். தாதியை மிஸ்ஸி என்றழைக்கும் அந்தத் தெருவில் எல்லோருக்கும் அவர் மிஸ்ஸியம்மாதான். யாழ்ப்பாணத்து வம்சம். கணவர் குலசிங்கம் போய்ச் சேர்ந்து சில வருடங்கள் ஆகின்றன. குளியலறையில் ஒருமுறை வழுக்கி விழுந்தபிறகு, ஊரின் மறுகோடியில் புது வீடமைப்பில் இருக்கும் மகன் அனந்தன் அவரைத் தன்னோடு கூட்டிப் போய்விட்டான்.

"நான் ஏன் எடுக்கிறன்? இதெல்லாம் வீட்டோட இருக்கும்."

"எங்ககிட்ட எங்க அடுப்பு இருக்குங்க. ஐஸ்பெட்டியும் இருக்கு."

"இருக்கட்டும். ஆனா இந்தச் சாமான் ஒண்டும் வெளியில போகக் கூடாது. அது மட்டும்தான் என்ர கண்டிசன்." மிஸ்ஸியம்மா அடுப்பின் விளிம்பை விரலால் ஒருமுறை தடவினார். தூசு இருக்கிறதா என்று பார்க்கிறார் போலிருக்கிறது என்று உமாராணி நினைத்துக்கொண்டாள்.

வாடகைக்குக் கூடுதலாக ஒரு காசு கேட்கவில்லை. சும்மா கொடுக்கிறார். சும்மா!

"காஞ்சனா, போன எடு" என்றாள் மெதுவாக.

அடுப்பின் கீறல், ஐஸ்பெட்டிக் கைப்பிடியின் வெடிப்பு, அரைவை இயந்திரத்தின் மூடியில் உடைந்த முனை, ஒன்று விடாமல் படம் எடுக்கச் சொன்னாள். அதுவும் போதவில்லை. நாளைக்கு இல்லையென்று சொல்லிவிட்டால்?

"மிஸ்ஸியம்மா, நீங்களும் அடுப்புப் பக்கத்துல நில்லுங்களேன். ஒரு படம்."

மிஸ்ஸியம்மாவின் முகம் சட்டென்று மலர்ந்தது. சேலை முந்தானையைச் சரி செய்து, அடுப்பின்மேல் ஒரு கையை வைத்து, பெரிதாகச் சிரித்தார். சாட்சிக்கு எடுத்த படம் அது என்று அந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும்?

வெளியே வந்ததும் புவனேசன் கேட்டான். "நல்ல அம்மாவாத்தான்லா தெரியுது?"

"கூலிம்காரனும் நல்லாத்தான் சிரிச்சான்."

பள்ளிக்கூடம் பக்கம் என்பதற்காகவே வீட்டை எடுத்தார்கள். சாவி கைக்கு வந்த அன்றே பக்கத்து வீட்டுத் தேவகி வேலியோரம் வந்து நின்றாள். தெருவின் சேதியெல்லாம் அவள் வாயில் வெந்துகொண்டிருக்கும். பாதிதான் வெந்திருக்கும். அதற்குள் இறக்கிப் பரிமாறிவிடுவாள்.

"வாங்க தங்கச்சி. இதுக்கு முன்னால ஒரு குடும்பம் இருந்துச்சு. கொஞ்ச நாள்தான். மிஸ்ஸி போகச் சொல்லிட்டாங்க."

"ஏன்க்கா?"

"அந்த அடுப்புல கைய வச்சாங்கன்னு கேள்வி. சரியாத் தெரியாதுப்பா. ஆனா மிஸ்ஸி அடுப்பு அடுப்புன்னு கத்துனது எங்க வீட்டு வரைக்கும் கேட்டுச்சு."

போதாதா உமாராணிக்கு? அடுப்பில் கைவைத்தவர்களுக்கு வீடு இல்லை! கண்ணி எங்கே இருக்கிறது என்று இப்போது தெரிந்துவிட்டது. இனி அதில் கால் வைக்காமல் நடக்க வேண்டியதுதான். பழைய படுக்கைவிரிப்பை எடுத்து அடுப்பை மூடினாள். மாவரைக்கும் இயந்திரத்தையும் குக்கரையும் பிளாஸ்டிக் பைகளில் சுற்றி இறுக்கினாள். ஐஸ்பெட்டியின் மின்கம்பியைப் பிடுங்கினாள். கதவு தற்செயலாகத் திறந்து ஏதாவது ஆகிவிடக் கூடாதே என்று குறுக்கே ரஃபியா கயிறு போட்டு மூன்று முடிச்சும் போட்டாள்.

புவனேசன் வந்து பார்த்தான். "ஏண்டி ராணி, இது என்ன மாடா? அவுத்துக்கிட்டு ஓடிரப் போவுதா?"

"சிரிங்க. நாளைக்கு அந்தம்மா வந்து இது செத்துப் போச்சுன்னா, நான் தொடவே இல்லன்னு கயித்தக் காட்டலாம்ல?"

ஒரு வெள்ளிக்கிழமை காலை பால் காய்ச்ச நாள் பார்த்தார்கள். வீட்டுக்காரரை அழைக்காமல் இருப்பது முறையில்லை. மிஸ்ஸியம்மா பட்டுச்சேலை கட்டி, கையில் கற்பூரமும் கற்கண்டும் கொண்டு வந்தார். வாசலில் காஞ்சனாவின் கன்னத்தைத் தடவினார். சிரித்தபடியே சமையலறைக்குள் நுழைந்தார்.

அங்கே மேடைமேல் அவருடைய அடுப்பு போர்வைக்குள் கிடந்தது. கீழே, தரையில், இரண்டு செங்கல்லின்மேல் உமாராணியின் பழைய அடுப்பில் புதுப்பானை ஏறியிருந்தது. பால் பொங்கி வழிந்தது. உமாராணி கைகூப்பிக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினாள். மிஸ்ஸியம்மாவின் முகத்தில் ஒரு சொட்டு ரத்தமில்லை.

"பால் எடுத்துக்குங்க மிஸ்ஸியம்மா."

"வேண்டாம் பிள்ளை. எனக்கு சுகர்." தம்ளரை வாங்கி, வாயில் வைக்காமல் மேடைமேல் வைத்துவிட்டு, வந்த வழியே போய்விட்டார்.

பால் காய்ச்சிய வீட்டில் பால் குடிக்காமல் போகிறவர்கள் உண்டா? சாபம் கொடுப்பவர்கள்கூட ஒரு வாய் குடித்துவிட்டுத்தானே கொடுப்பார்கள்! உமாராணி ஆறிப்போன தம்ளரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "நம்மள இங்க நெலைக்க விட மாட்டாங்கங்க. எனக்குத் தெரிஞ்சு போச்சு" என்றாள். புவனேசன் அந்தப் பாலை எடுத்து ஒரே மடக்கில் குடித்தான். "சீனி பத்தல" என்றான்.

அதன்பிறகு அவள் சமையலறையையே விட்டுவிட்டாள். வீட்டின் பின்பக்கம் தகரக் கூரை போட்ட சிறிய இடத்தில் தன் அடுப்பையும் தன் ஐஸ்பெட்டியையும் வைத்துக்கொண்டாள். காப்பிக் கடைகளுக்குக் கறிபாப்பும் வடையும் போட்டுக் கொடுப்பது அவள் தொழில். வெயிலில் தகரம் கொதித்தது. மழையில் சாரல் எண்ணெய்ச் சட்டிக்குள் தெறித்து, எண்ணெய் அவள் முழங்கையில் கோலம் போட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சமையலறை, ராணிபோலப் போர்த்திக்கொண்டு தூங்கியது.

இத்தோடு விட்டதா? மிஸ்ஸியம்மா வெள்ளிதோறும் வரத் தொடங்கினார். பின்வாசலில் அவர் நட்ட கறிவேப்பிலை மரம் இருந்தது. இலை பறிக்க வருகிறாராம்! சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து, சமையலறை வழியாகப் போவார். போகும்போது அடுப்புப் போர்வையை ஒரு பார்வை. ஐஸ்பெட்டிக் கயிற்றை ஒரு பார்வை. திரும்பும்போது மறுபடி ஒரு பார்வை. முகம் வாரத்துக்கு வாரம் இறுகியது.

"அம்மா, ஒன்னு கவனிச்சியா?" என்றாள் காஞ்சனா. "அவங்க ஒரே ஒரு கொத்துதான் பறிக்கிறாங்க. அதுக்குப் போயி வாடகைக் காடி புடிச்சு வராங்க."

"அதத்தான்டி நானும் சொல்றேன். கருவேப்பிலைக்கு வர்ற ஆள் இல்ல அது. சாமான எண்ண வருது."

காஞ்சனா தன் கைபேசியில் அந்தப் பழைய படத்தை எடுத்தாள். அடுப்பின்மேல் கைவைத்து மிஸ்ஸியம்மா சிரித்துக்கொண்டிருந்தார். "எண்ண வர்றவங்க இப்பிடியாம்மா சிரிப்பாங்க? இதுல எவ்ளோ சந்தோசமா இருக்காங்க பாரேன்."

"அது மாட்டுறதுக்கு முன்னால சிரிச்ச சிரிப்பு. போயி படி."

மழைக்காலம் முற்றியது. பரீட்சை நெருங்கியது. ஒரு வாரமாகவே சமையலறைப் பக்கம் ஏதோ ஒரு நாற்றம். எலி செத்திருக்கும் என்றான் புவனேசன். உமாராணி மூலை முடுக்கெல்லாம் துடைத்தாள். நாற்றம் போகவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகலில், மோப்பம் பிடித்துக்கொண்டே போனவள் அந்தப் பச்சை ஐஸ்பெட்டியின் முன்னால் வந்து நின்றாள். முடிச்சுகளை அவிழ்த்தாள். கதவு வரவில்லை. இழுத்தாள். பிசின் கிழிவதுபோல் ஒரு சத்தத்தோடு ரப்பர் விளிம்பு பிய்ந்து கையோடு வந்தது.

உள்ளே கறுப்பு. சுவரெல்லாம், தட்டெல்லாம், மேலிருந்து கீழ்வரை பூஞ்சை பூத்துக் கிடந்தது. அடியில் தேங்கிய நீர் துருவாகிக் கசிந்திருந்தது. கம்பியைச் சொருகினாள். விளக்கு எரியவில்லை. மோட்டார் முனகக்கூட இல்லை.

"நான் தொடவே இல்லையே!" என்று வாய்விட்டே அலறிவிட்டாள். "முருகா! நான் தொடவே இல்லையே!"

காஞ்சனா ஓடி வந்தாள். எட்டிப் பார்த்தாள். "தொடாததாலதான்மா..." என்று ஆரம்பித்தவள், தாயின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

எதற்குப் பயந்து பயந்து கட்டிவைத்தாளோ, அது அந்தக் கயிற்றுக்குள்ளேயே வளர்ந்திருக்கிறது. கூலிம் மறுபடி வந்துவிட்டது. மறுபடி மூட்டை, மறுபடி யாரோ ஒருவர் வீட்டு அறை, கட்டிலுக்கும் சாக்குக்கும் நடுவே பிள்ளையின் புத்தகம். உமாராணி பூஞ்சையைத் துணியால் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க அது பரவியது. அப்போதுதான் வாசலில் காடிக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"பிள்ளை, உள்ள இருக்கிறீங்களோ?"

உமாராணி கதவைப் படாரென்று மூடி, ஐஸ்பெட்டியின் முன்னால் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றாள். கையில் கறுப்பு நீர் சொட்டும் துணி. மிஸ்ஸியம்மா சமையலறை வாசலில் நின்று மூக்கைச் சுளித்தார்.

"கருவேப்பிலை இன்னைக்கி நானே பறிச்சுத் தரேன் மிஸ்ஸியம்மா. நீங்க கூடத்துல ஒக்காருங்க."

"நான் இண்டைக்குக் கருவேப்பிலைக்கு வரேல்லை. கதைக்க வந்தனான். தள்ளுங்கோ."

"வேணாங்க..."

"தள்ளுங்கோ பிள்ளை."

தாதியாக இருந்து எத்தனையோ நோயாளிகளைப் படுக்க வைத்த குரல் அது. உமாராணியின் கைகள் தாமாக இறங்கின. மிஸ்ஸியம்மா கதவைத் திறந்தார். பார்த்தார். மூடினார். பிறகு மெல்ல நடந்து அடுப்பருகே போய்ப் போர்வையை விலக்கினார். அடுப்பு, கொடுத்த நாளில் இருந்ததுபோலவே இருந்தது. பர்னரின் குழிக்குள் ஒரு பல்லி முட்டை, வெள்ளையாக.

மிஸ்ஸியம்மா அந்த முட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் தோள்கள் குலுங்கின.

"ஒரு நாள்கூட... ஒரு நாள்கூட நெருப்பு வைக்கேல்லை, என்ன?"

உமாராணிக்குப் புரியவில்லை. ஐஸ்பெட்டி செத்துக் கிடக்கிறது. இந்த அம்மா அடுப்புக்கு அழுகிறாரே!

"நான் உங்களைப் போகச் சொல்லத்தான் இண்டைக்கு வந்தனான்" என்றார் மிஸ்ஸியம்மா. "தாலியில்லாதவள் சமைச்ச அடுப்பு. சுமங்கலி வீட்டுக்கு ஆகாது. அப்பிடித்தானே? அதை முதல் நாளே சொல்லியிருந்தா நான் வேற ஆளைப் பாத்திருப்பன். பால் காய்ச்ச எண்டு கூப்பிட்டு, என்ர கண்ணுக்கு முன்னால என்ர அடுப்பைப் பிணத்தை மூடின மாதிரி மூடி வச்சு, கீழ தரையில... எனக்கு எப்பிடி அந்தப் பால் இறங்கும்?"

சமையலறை சுழன்றது உமாராணிக்கு. தாலியா? அடுப்புக்கும் தாலிக்கும் என்ன? அவள் மனம் எத்தனையோ சந்துகளில் சந்தேகப்பட்டு நுழைந்து வந்திருக்கிறது. இந்தச் சந்துக்குள் மட்டும் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை.

"ஐயோ மிஸ்ஸியம்மா! சாமி சத்தியமா அப்பிடி இல்லைங்க!" என்று அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். "ஒடைஞ்சா போகச் சொல்லிருவீங்கன்னு பயந்துக்கிட்டுத்தாங்க மூடி வச்சேன். முன்னால இருந்தவங்கள அடுப்புல கைய வச்சதுக்குத்தானே தொரத்துனீங்க?"

"ஆர் சொன்னது? அந்த ஆக்கள் என்ர அடுப்பைத் தூக்கிப் பின்னால மழைக்குள்ள போட்டவை! அதுக்குத்தான் கத்தினனான்."

உமாராணி வாயைப் பிளந்தாள். பிறகு எல்லாவற்றையும் கொட்டினாள். கரங்கான் லயத்தையும், கிராணியையும், அப்பா இழைத்த அலமாரியையும், சாக்கில் இறங்கிய அம்மாவின் சட்டிகளையும், கூலிமையும், சாமானை எண்ண வருகிறாரோ என்ற பயத்தையும். சொல்லச் சொல்ல மூக்கு ஒழுகியது. பூஞ்சைத் துணியாலேயே துடைத்துக்கொள்ளப் போனாள். காஞ்சனா பாய்ந்து அதைப் பிடுங்கினாள்.

"அப்ப நான் வெள்ளிக்கு வெள்ளி எண்ணிப் பாக்க வாறன் எண்டே நினைச்சீங்கள்?"

உமாராணி தலையைக் குனிந்துகொண்டாள்.

மிஸ்ஸியம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். "மகன்ர வீட்டில எனக்கு ஒரு குறையும் இல்லை. மருமகள் பிரேமினி நல்ல பிள்ளை. அடுப்புக் கிட்டப் போக விடமாட்டாள். 'நீங்கள் ரெஸ்ட் எடுங்கோ மாமி' எண்டுவாள். அங்க கண்ணாடி மாதிரி ஒரு அடுப்பு. நெருப்பே தெரியாது. தாளிச்சா மணக்கும் எண்டு தாளிக்கிறதும் இல்லை. சாப்பாடு பெட்டியில வரும்." கண்ணைத் துடைத்தார். "இஞ்ச ஒரு குடும்பம் சமைக்கும், வெள்ளிக்கிழமையில வந்து நிண்டா என்ர அடுப்பில ஏதாவது கொதிக்கிற சத்தம் கேக்கலாம் எண்டு நினைச்சன். அதுக்குத்தான் ஒண்டையும் எடுக்காம விட்டனான். வந்து பாத்தா, போர்வையும் கயிறும்."

உமாராணி அவரை நிமிர்ந்து பார்த்தாள். பழைய பழக்கம், அந்த முகத்துக்குப் பின்னால் இன்னொரு முகத்தைத் தேடியது. அழுது சிவந்த மூக்கு ஒன்றுதான் இருந்தது.

"ஐஸ்பெட்டி..." என்று இழுத்தாள்.

"செத்துப் போச்சு. அதுக்கு இப்ப என்ன?"

"நாந்தாங்க கெடுத்தேன்."

"ஓம். நீங்கள்தான். கட்டிப் போட்டா எதுதான் உயிரோட இருக்கும்?" என்றார் மிஸ்ஸியம்மா கோபமாகவே. "உங்கட பெட்டி பின்னால மழையில நிக்குதெல்லே? அதைத் தூக்கி இந்த இடத்தில வையுங்கோ. ஐஸ்பெட்டி உங்கட. அடுப்பு என்ர. சரியோ?"

"அப்ப... எங்கள..." உமாராணியின் கண்கள் மகள்மேல் போய்த் திரும்பின. "பரிச்ச முடியிற வரைக்குமாவது..."

"அடுப்பைப் பத்த வையுங்கோ முதல்ல. பிறகு கதைப்பம்."

காஞ்சனா பல்லி முட்டையை ஓர் இலையில் ஏந்தி வெளியே கொண்டுபோய் மரத்தடியில் வைத்தாள். உமாராணி பின்பக்கத்திலிருந்து தன் கேஸ் சிலிண்டர் தோங்கை உருட்டிக்கொண்டு வந்து இணைத்தாள். முதல் திருகலில் பிடிக்கவில்லை. இரண்டாவதிலும் பிடிக்கவில்லை. இதுவும் செத்துவிட்டதா என்று அவளுக்கு வியர்த்தது.

"அமத்தித் திருப்புங்கோ. அது அப்பிடித்தான், கொஞ்சம் பிடிவாதம்."

அமுக்கித் திருப்பினாள். நீல நெருப்பு வட்டமாகப் பூத்தது. பாலை ஊற்றி வைத்தாள். மூன்று பெண்களும் அந்தப் பானையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பால் நுரை கட்டி, ஏறி, விளிம்பைத் தொட்டு, சர்ரென்று அடுப்பின்மேல் வழிந்தது. அணைக்கப் போன உமாராணியின் கையை மிஸ்ஸியம்மா பிடித்து நிறுத்தினார். "வழியட்டும்."

வேலை முடிந்து வந்த புவனேசன் வாசலிலேயே நின்றான். கருகிய பாலின் மணம். அடுப்பு மேடையில் நெருப்பு. கண்ணீரும் மூக்குமாக மனைவி. உள்ளே நாற்காலியில் வீட்டுக்காரி. "சரிதான், மூட்டை கட்டணுமா?" என்றான் பயந்துபோய்.

"ஐஸ்பெட்டிய மட்டும் தூக்குங்க" என்றாள் உமாராணி. "பின்னால இருந்து உள்ளுக்கு."

தம்ளரில் பாலை ஊற்றி மிஸ்ஸியம்மாவிடம் நீட்டினாள். நீட்டியவள் சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். "ஐயோ, சீனி போட்டுட்டேனே. ஒங்களுக்குத்தான் சுகராச்சே?"

"அது அண்டைக்குச் சொன்ன பொய்" என்றார் மிஸ்ஸியம்மா. வாங்கி, ஊதி ஊதி, கடைசிச் சொட்டுவரை குடித்தார். தம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது, "அவள் பரீட்சை எழுதட்டும். அதுக்குப் பிறகும் இருங்கோ" என்றார். உமாராணி அந்தக் காலித் தம்ளரை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டாள்.

பிறகு மிஸ்ஸியம்மா எழுந்து, வழக்கம்போலச் சுவரைப் பிடித்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனார். கறிவேப்பிலை மரத்தை வளைத்தார். உமாராணி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கொத்து பறித்தார். இன்னொரு கொத்தும் பறித்தார்.

உமாராணியின் புருவம் தானாக நெரிந்தது. எப்போதும் ஒன்றுதானே? இன்றைக்கு என்ன இரண்டு?

"என்னங்க மிஸ்ஸியம்மா, ரெண்டு கொத்து?" கேட்டே விட்டாள். காஞ்சனா தலையில் அடித்துக்கொண்டாள்.

மிஸ்ஸியம்மா ஒரு கொத்தைக் கைப்பைக்குள் வைத்தார். மற்றதை அடுப்பு மேடைமேல் போட்டார். நாற்காலியை அடுப்புப் பக்கமாக இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"இது உங்களுக்கு. சட்டியை வச்சு ஏதாவது தாளியுங்கோ. நான் இருந்து மணம் பிடிச்சிட்டுப் போறன்."